லாந்தர் வீதியின் முதுகு

லாந்தர் வீதிப் பதினோராம் நம்பர் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், தூக்கத்தில் மனுஷர் புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாகப் புரண்டு, தலைமுறை தலைமுறையாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்த தன் முகத்தைக் கொல்லைச் சந்துப் பக்கமும், சந்துக்குள் ஒளித்து வைத்திருந்த தன் முதுகைத் தெருப் பக்கமுமாக வைத்துக்கொண்டது. ஒரு ஓடு விழவில்லை, ஒரு கதவு கிறீச்சிடவில்லை, கிணற்றுத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. அந்த வீட்டுக் குசினியில் பிறந்து, அந்தக் குசினியிலேயே தலை நரைத்துப்போன கிளமாந்தி, உலை வைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரைப் பின்கதவைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். தினமும் அதை வாங்கிக்கொள்கிற கழுநீர்ச் சந்து அன்றைக்கு அங்கே இல்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி தெருவோரம் நிறுத்தி வைத்திருந்த வெள்ளைக் கார்தான் இருந்தது. கழுநீர் முழுக்கக் கார் கண்ணாடியில் வழிந்தது.

கிளமாந்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் கடல் தெரிந்தது, இந்தப் பக்கம் போலீஸ் கூண்டு தெரிந்தது, எதிரே வேப்பமரமும் அதன் கீழே தூங்குகிற ரிக்‌ஷாவும் தெரிந்தன. என்ன நடந்ததென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆச்சரியப்படுகிற நிலையில் அவள் இல்லை, ஏனென்றால் பல மாசமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது, எரிகிற வயிற்றில் ஆச்சரியத்துக்கு இடம் ஏது. சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டு, திரும்புவதென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பக் கூடாதா, உலை வைக்கிற நேரமாகப் பார்த்தா திரும்புவது என்று வீட்டைத் திட்டினாள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரோடு போய்க் காரைக் கழுவினாள்.

அவள் வயிறு ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு வீட்டை வீடு என்று சொல்கிறோமே, அது உண்மையில் இரண்டு வீடு. முன்னால் இருப்பது பிரெஞ்சு வீடு: உருண்டைத் தூண்கள், யானை நுழைகிற உயரத்துக்குக் கதவுகள், பச்சைப் பலகை அடித்த ஜன்னல்கள், மேலே நின்று தெருவை வேடிக்கை பார்க்க ஒரு பால்கனி. பின்னால் இருப்பது முற்றம், கிணறு, துவைக்கிற கல், கரி பிடித்த குசினி, குசினியை ஒட்டி ஒண்டுக்குடித்தனம் மாதிரி இரண்டு அறை. முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு, இந்த மாளிகையை மொரேன் என்கிற துணி வியாபாரி கட்டினார் என்று சொல்லும். கட்டினாராம்! அந்த மனுஷன் சுண்ணாம்பு அரைத்தாரா, கடுக்காய் ஊறவைத்தாரா, கூடை கூடையாக முட்டை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரித்துச் சாந்தில் ஊற்றினாரா, வெயிலில் சாரத்தின் மேல் நின்று சங்கு மாதிரி பளபளக்கிற வரைக்கும் அந்தச் சுவரைத் தேய்த்தாரா? தேய்த்தவர்கள் பெயருக்குத் தகட்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

மொரேன் குடும்பம் கப்பலேறிய பிறகு வீட்டை வாங்கியவர் லெயோன் அருளாந்து என்ற தமிழ்க்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர், சாப்பாட்டு மேசையில் மட்டும் பிரெஞ்சு பேசுகிறவர். அந்த மேசைக்குச் சமைத்தவள் கிளமாந்தியின் அம்மா செங்கோல்மேரி. ஒரு நாள் பெரிய விருந்து. நிறைமாதக்காரி செங்கோல்மேரி சூப்பை எடுத்துப்போய் ஒவ்வொருவருக்கும் ஊற்றிவிட்டு, குசினிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, மீன் தட்டு போகவேண்டிய நேரத்துக்குள் பிள்ளையைப் பெற்றுப் போட்டாள். மீன் தட்டை வேறு ஒருத்தி எடுத்துப்போனாள். கை மாறியிருந்ததை மேசையில் யாரும் கவனிக்கவில்லை. கிளமாந்தின் என்று லெயோனின் மனைவி மதாம் வைத்த பெயர் சந்து முனை தாண்டுவதற்குள் கிளமாந்தி ஆகிவிட்டது.

லெயோன் போய், மதாமும் போய், வாரிசுகள் எல்லாம் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், முன்வீடு பூட்டிக் கிடந்த அத்தனை வருஷமும், பின்வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிளமாந்தி அந்த அடுப்பில் சமைத்து, ஆபீஸ்களுக்கும் தனியாக இருக்கிற கிழவர்களுக்கும் கேரியரில் சாப்பாடு அனுப்பிப் பிழைத்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்தக் குசினியை விட்டால் அவளுக்குப் போக்கிடமும் இல்லை. மழைக்காலத்தில் முன்வீட்டு மாடியில் முளைக்கிற அரசங்கன்றுகளை அவள்தான் வேரோடு பிடுங்குவாள், இல்லையென்றால் எப்போதோ வீடு பிளந்திருக்கும். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் லெயோனின் பேரன் ரொமேன் வந்தான். கூடவே ஓட்டல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முகப்புக் காப்புக் குழு வந்தது. அந்தக் குழுவின் தலைவர் ஹரிகோவிந்தன், ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்தவர், வெயிலுக்குத் தொப்பி போடுகிறவர். அவர்கள் வேலை செய்கிற விதம் இப்படி: வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். எதிர்ச்சாரியில் வரிசையாக நிற்பார்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு போட்டோ எடுப்பார்கள். லாந்தர் வீதியில் நின்று பார்த்தால் போட்டோவில் எது விழுகிறதோ அது பாரம்பரியம், அதில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. எது விழவில்லையோ அது சொந்தக்காரர் இஷ்டம். தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரிகிற அழகுதானே ஊருக்குச் சொத்து என்பார் ஹரிகோவிந்தன். இந்தச் சட்டத்தால் அந்த வீதியில் பாதி வீடுகள் ஏற்கெனவே வெறும் முகமாகிவிட்டிருந்தன. தூணைத் தாண்டி உள்ளே போனால் லிப்ட் இருக்கும், கண்ணாடி அறை இருக்கும், வீட்டை மட்டும் காணோம். பதினோராம் நம்பருக்கும் அப்படியே போட்டோ எடுத்தார்கள். குசினி இருந்த இடத்தில் நீச்சல் குளம் என்று முடிவாயிற்று. கிறிஸ்துமசுக்குள் காலி பண்ணச் சொல்லி ரொமேனே நேரில் வந்து கிளமாந்தியிடம் சொன்னான்.

நல்லபடியாகத்தான் சொன்னான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குசினிப் படியில் அவள் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்து, சின்ன வயசில் லீவுக்கு வரும்போதெல்லாம் செங்கோல்மேரி மடியில் கிடந்ததையும், அவள் ஊட்டிவிட்டதையும், கண் கலங்கக் கலங்கச் சொன்னான்.

“இந்தக் குசினி என் நெஞ்சுல இருக்கு, கிளமாந்தி. இடிச்சாலும் அது எங்கேயும் போகாது” என்றான்.

“உங்க நெஞ்சுல நான் சோறு வடிக்க முடியுமா முசியே?” என்றாள் கிளமாந்தி.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். காப்பி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான். அதிலிருந்து அவள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். கேரியர் எடுக்க வருகிறவனைத் திட்டினாள், காக்காயைத் திட்டினாள், செத்துப்போன அம்மாவையும் விட்டுவைக்கவில்லை, அந்தப் பயலுக்கு ஊட்டின கையை ஒடிக்க ஆளில்லையே என்றாள். அதிகமாகத் திட்டு வாங்கியது வீடுதான். இத்தனை வருஷம் உன் முதுகில் கிடந்து உன்னைக் காப்பாற்றியவள் நான், உனக்கு வாயில்லையா, ரோஷமில்லையா என்று போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டதனால்தான் திரும்பியதோ, இல்லை ஒரே பக்கமாகப் படுத்து வலி எடுத்துத்தான் திரும்பியதோ, அந்த ஆராய்ச்சியில் லாந்தர் வீதி இறங்கவில்லை. திரும்பிவிட்டது, இனி ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முதல் நாள் கூட்டம் கூடியது. கூண்டுப் போலீஸ்காரர் வந்து, இதற்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேட்டார், வீட்டைக் கேளுங்கள் என்றாள் கிளமாந்தி. தபால்காரர் ஒரு வாரம் சந்து சுற்றிப் போய் முன்கதவு இடுக்கில் தபால் போட்டுப் பார்த்தார், கால் வலித்ததும் குசினி ஜன்னலிலேயே கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாஸ்துக்காரர் தானாகவே வந்து, நூல் பிடித்துப் பார்த்து, அடுப்பு இப்போதுதான் அக்கினி மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, வீடு தனக்குத் தானே நல்லது செய்துகொண்டது என்றார். மாதா கோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். கல்யாண போட்டோ எடுக்கிற ஜோடிகள், தூணில் சாய்ந்து நின்றவர்கள், இப்போது கரிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடைகளை எடுக்கக் கிளமாந்தி ஓடினால், வேண்டாம் ஆன்ட்டி, கலர் நல்லா வருது என்று தடுத்தான் போட்டோக்காரன்.

அந்த ஒரே மாசத்தில் நடந்த இன்னொன்றைச் சொன்னால்தான் இந்த வீதியின் யோக்கியதை விளங்கும். பதினோராம் நம்பர் திரும்பியதைப் பார்த்ததும் மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தார்கள். நம் வீடும் திரும்பிவிட்டால்? நம் முதுகையும் ஊர் பார்த்துவிட்டால்? ஆளாளுக்கு இரகசியமாகக் கொல்லைப்புறத்துக்கு வெள்ளையடித்தார்கள். வேலைக்காரர் அறைகளுக்கு ஜன்னல் வைத்தார்கள். நீதிபதி வீட்டுச் சமையல்காரி அஞ்சலாட்சி, கக்கூஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீதிபதி எத்தனையோ தீர்ப்புச் சொன்னவர், அந்த ஒரு மனுவை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது ஆளை அனுப்பி ஒரே நாளில் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டார். அஞ்சலாட்சி ஓடிவந்து இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கிளமாந்திக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அவ கேட்டப்ப வராத தாழ்ப்பாள், ஊர் பார்க்கும்னதும் ஓடி வருது பாரு என்று பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

முகப்புக் காப்புக் குழு வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தில் வரிசையாக நின்றது. ஹரிகோவிந்தன் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ரொமேன் பக்கத்தில் நின்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினான். ஆனால் சட்டம் சட்டம்தானே, அதை எழுதியவரே அவர்தானே. லாந்தர் வீதியிலிருந்து பார்த்தால் எது தெரிகிறதோ அது. போட்டோ எடுத்தார்கள். கரிச் சுவர், புகைபோக்கி, துவைக்கிற கல், கழுநீர்ப் பானை, கொடியில் உள்பாவாடை எல்லாம் அதில் விழுந்தன. எல்லாம் பாரம்பரியம் ஆயின. சந்துப் பக்கம் போய்விட்ட தூண்களையும் பால்கனியையும் ரொமேன் விரும்பினால் இடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது. ரொமேன் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் கிளமாந்தி பால் பாயசம் காய்ச்சி, அந்தச் சாரி முழுக்க, வேலைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தனுப்பினாள்.

பாயசத்தின் இனிப்பு நாக்கில் நிற்பதற்குள் அடுத்த கூத்து ஆரம்பித்தது. பாரம்பரியம் ஆகிவிட்டதால் கரியைத் துடைக்கக் கூடாது என்றார்கள். துவைக்கிற கல்லில் பாசியைச் சுரண்டக் கூடாது என்றார்கள். கேஸ் அடுப்பு கண்ணில் படக் கூடாது, விறகுதான் எரிய வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவருகிற வழிகாட்டிப் பெண் குசினி வாசலில் நின்று, ஒரு காலத்தில் இங்கே சமையல்காரர்கள் வாழ்ந்தார்கள் என்று விளக்கினாள். உள்ளே கரண்டியோடு நின்ற கிளமாந்தி, ஒரு காலத்திலயா, அப்ப நான் யாரு, ஆவியா என்று வெளியே வந்தாள். அவர்கள் அவளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா இருமி இருமிச் செத்த அதே விறகுப் புகையில் நின்றுகொண்டு கிளமாந்தி கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் பொறுத்தாள். வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்தாள்.

அவள் பொறுத்தால் ஓட்டல் கம்பெனி பொறுக்குமா? அவர்கள் வக்கீல் ஒருவர், படித்த மூளை, ஒரு வழி கண்டுபிடித்தார். லாந்தர் வீதியிலிருந்து தெரிவதுதானே பாரம்பரியம்? லாந்தர் வீதி எது? எங்கே லாந்தர் வீதி என்ற நீலத் தகடு மாட்டியிருக்கிறதோ அது. சரி, தகட்டைக் கழற்று. கழற்றினார்கள். கழற்றி, சுற்றிக்கொண்டு போய், கழுநீர்ச் சந்தின் முனையில் மாட்டினார்கள். சந்துச் சாக்கடையை மூடினார்கள், கல் பாவினார்கள், பழைய காலத்து விளக்குக் கம்பம் மாதிரி புதுசாகச் செய்து வரிசையாக நட்டார்கள். ஹரிகோவிந்தன் ரிப்பன் வெட்டினார். தூணும் பால்கனியும் மறுபடி லாந்தர் வீதியைப் பார்த்தன, போட்டோவில் விழுந்தன, பத்திரமாயின. கிளமாந்தியின் குசினி பெயரில்லாத ஏதோ ஒரு சந்தில் இருந்தது, ஆகவே இடிக்கலாம்.

பழைய தெருவின் பாடு சொல்லி மாளாது. சந்து என்று ஆனவுடனே அதைச் சந்து மாதிரியே நடத்தினார்கள். குப்பை வண்டி வருவது நின்றது. தெரு விளக்கு எரிவது நின்றது. பட்டப்பகலில் ஆண்கள் நீதிபதி வீட்டுத் தூணோரம் ஒதுங்கினார்கள். நீதிபதி பால்கனியிலிருந்து கத்தினார், சந்துதானே பெருசு என்றான் ஒருவன் தலையைக்கூடத் திருப்பாமல். ரொமேன் வந்து கிளமாந்தியிடம், வெள்ளிக்கிழமை பொக்லைன் வருகிறது, வியாழக்கிழமைக்குள் சாமானை எடுத்துக்கொள் என்றான். இந்தத் தடவை அவன் உட்காரவில்லை. அவளும் காப்பி கொடுக்கவில்லை. ஒரு சட்டியைக்கூட எடுக்க மாட்டேன், என்னோட சேர்த்து இடிங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பொக்லைன் வந்தபோது அந்தச் சாரி முழுவதும் திரும்பியிருந்தது. ஒரு வீடு பாக்கியில்லை. விளக்குக் கம்பத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அத்தனையும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பின என்கிறவர்கள் உண்டு, தனியாக நின்ற ஒருத்திக்குத் துணையாகத் திரும்பின என்கிறவர்களும் உண்டு. எப்படியோ, புது லாந்தர் வீதியில் தூணும் பால்கனியுமாக முகங்கள் வரிசை கட்டி நின்றன. பழைய தெருவில் முதுகுகள் மட்டும்தான், அவையும் தனித்தனியாக இல்லை. இடைச்சுவர்கள் எங்கே போயினவோ, ஒரு வீட்டுக் குசினி அடுத்த வீட்டுக் குசினியோடு ஒட்டி, அது அதற்கடுத்ததோடு ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் கரி பிடித்த ஒரே நீளச் சுவராக, ஒரே மாதிரிக் கதவுகளோடு, ஒரே மாதிரிப் புகைபோக்கிகளோடு நின்றது. முகங்களைக் கட்டினவர்கள் ஒவ்வொன்றையும் வேறு வேறு தினுசாகக் கட்டியிருந்தார்கள், முதுகுக்கு அந்த அக்கறையை யாரும் காட்டவில்லை. கம்பெனி இஞ்சினியர் முன்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார், பின்பக்கத்தில் வீடுகளைவிடக் கதவுகள் அதிகமாக இருந்தன. டேப் பிடித்து அளந்தார், முன்பக்கத்துக்குப் போதிய டேப் பின்பக்கத்துக்குப் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. பதினோராம் நம்பர் முன்கதவால் நுழைந்து பின்னால் வரப் பார்த்தார், வேறு யார் வீட்டுக் கதவிலோ வெளியே வந்தார். தெருவின் முகத்தைவிட அதன் முதுகு நீளமாக இருந்தது.

கதவுகளைத் திறந்துகொண்டு சமையல்காரிகளும் துணி துவைக்கிறவர்களும் தோட்டக்காரர்களும் டிரைவர்களும் வெளியே வந்தார்கள். அந்தத் தெரு வழியாகக் காலமெல்லாம் பையும் கையுமாகக் குனிந்து நடந்தவர்கள், அதன் நடுவில் நின்றது அன்றைக்குத்தான். யாரும் தன் வாசலில் நிற்கவில்லை. எல்லாரும் நடுத்தெருவில் கும்பலாக நின்றார்கள். கிளமாந்தி அஞ்சலாட்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொக்லைன் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, சொந்தக்காரர் வந்து இதுதான் என்று கை காட்டினால்தான் தொடுவேன் என்றார். பின்னே, நீதிபதி வீட்டை இடித்துவிட்டு யார் ஜெயிலுக்குப் போவது? எல்லாரும் ரொமேனைப் பார்த்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் சொருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

முதலில் வேகமாக நடந்தான். அப்புறம் மெதுவாக நடந்தான். ஒவ்வொரு கதவிலும் எட்டிப் பார்த்தான், சிலவற்றுக்குள் போய் நின்று பார்த்து வெளியே வந்தான். எல்லாவற்றிலும் அடுப்பு இருந்தது, அம்மி இருந்தது, ஆணியில் மாட்டிய பழைய சேலை இருந்தது. கிளமாந்தியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பயத்தால் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் தன் கதவை நெருங்கியபோதுதான் அது பயமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. கண்டுபிடிடா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டுபிடி, அங்கேதான் உனக்கு ஊட்டினாள், அந்தப் படியில்தான் நீ விழுந்து அழுதாய், கண்டுபிடி. அவன் மட்டும் அந்தக் கதவில் நின்று இதுதான் என்று சொல்லிவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று தீர்மானம்கூடப் பண்ணிவிட்டாள். என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் அது சத்தியம்.

ரொமேன் அந்தக் கதவுக்கு வந்தான். அதன் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஷூவைக் கழற்றி, உள்ளே போயிருந்த கல்லை உதறினான். ஷூவை மாட்டிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டான்.

தெருக்கோடியில், கொஞ்சம் அகலமாகவும் வெளிச்சமாகவும் இருந்த ஒரு கதவின் முன்னால் போய் நின்று, இதுதான், வாசனையே சொல்கிறது என்று கை காட்டினான். பொக்லைன் கை தூக்கியது. நீதிபதி லுங்கியோடு ஓடிவந்து, அது என் குசினி, தொட்டால் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று குறுக்கே விழுந்தார். அது அவருடையதும் இல்லையே என்று அஞ்சலாட்சி கிளமாந்தியின் காதில் சொன்னாள். ரொமேன் வேறொன்றைக் காட்டினான். அதற்கும் ஒருவர் ஓடிவந்தார். இன்னொன்றைக் காட்டினான், அப்புறம் முதலில் காட்டியதையே மறுபடி காட்டினான். வேர்த்துப்போய்க் கும்பலைப் பார்த்து வந்தான்.

“சும்மா நிக்கறியே கிளமாந்தி, சொல்லேன். எது நம்ம குசினி?”

“உங்க வீடு முசியே. நீங்கதான் காட்டணும்.”

அவன் காட்டவில்லை. காட்டத் தெரியவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், வாடகைக்கு வேறு இடத்தில் வேலை காத்திருக்கிறது என்று பொக்லைனைத் திருப்பிக்கொண்டு போனார். கம்பெனிக்காரர்கள் போனார்கள். இப்படி அடையாளம் தெரியாத சொத்தில் கை வைக்க முடியாது என்று வக்கீல் போனார். எது யாருடையது என்று இனி எந்தச் சொந்தக்காரருக்கும் தெரியப்போவதில்லை, எதையும் இடிக்கவும் முடியாது என்று கும்பலுக்கு மெல்லப் புரிந்தது. யாரோ விசிலடித்தார்கள். அஞ்சலாட்சி கிளமாந்தியைக் கட்டிப் பிடித்து, ஜெயிச்சுட்டக்கா, ஜெயிச்சுட்டோம் என்று குலுக்கினாள்.

கிளமாந்தி அவள் கையை விலக்கினாள். காரில் ஏறப் போகிற ரொமேனையே பார்த்தாள். அடேய், கையை வைத்தாயே அந்த நிலையில், அதில் சாய்ந்துகொண்டு உன் சோற்றைப் பிசைந்தாளே ஒருத்தி, அதுகூடத் தெரியாமல் கல்லை உதறிவிட்டுப் போனாயே என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் எந்தக் கதவென்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஊர் முழுக்கத் திட்டி வாழ்ந்தவள், காக்காயைக்கூட விடாதவள், திட்டியே ஆகவேண்டிய ஒருவனை ஒரு வார்த்தை திட்ட முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கார் முனை திரும்பி மறைகிறவரை நின்றாள்.

அப்புறம் கும்பலைத் தள்ளிக்கொண்டு நேராகத் தன் கதவுக்கு நடந்தாள். உள்ளே போய் அதை அறைந்து சாத்தித் தாழ் போட்டாள். சோறு பொங்கி வழிந்து விறகெல்லாம் நனைந்து அடுப்பு அணைந்து கிடந்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.